சிலாப்பின் மேல் நாலு அங்குல மண்

வீட்டுக்கு மேலே மண் போடப்போகிறேன் என்று நான் சொன்னபோது, என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து கையை எடுக்காமலே, "ஏன், மண்ணு கீழ இருந்தா ஆகாதா?" என்று கேட்டார். கீழே மண் எங்கே இருக்கிறது? றொசல்ல ஸ்டேசனிலிருந்து அரை மணி நேரம் ஏறி வந்தால் எங்கள் வீடு. வீடு கட்ட எங்களுக்குக் கிடைத்தது ஏழு பேர்ச் நிலம். அதில் பாதிக்கு மேல் வீடே தின்றுவிட்டது. மிச்சத்தில் கக்கூஸ், படிக்கட்டு, பின்பக்கத்து மலை சரிந்து வராமல் கட்டிய கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்து நிலம். அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஊன்றினாலும் தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பிடுங்கச் சொல்லிவிடுவார். ஆக, இடம் வேண்டுமென்றால் ஏணி வைத்து ஏறத்தான் வேண்டும்.

நான் பத்தொன்பது வருடம் தோட்டத்துத் தவறணையில் வேலை செய்தவள். தேயிலை நாற்று வளர்க்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் தவறணை என்று பெயர். கறுப்புப் பைகளில் மண்ணை நிரப்பி, ஒற்றை இலை விட்டு நறுக்கிய தண்டை ஊன்றி, அது வேர் பிடிக்கும்வரை பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். வேலையிலிருந்து நின்ற பிறகு முதல் மாதம் நன்றாகத் தூங்கினேன். இரண்டாவது மாதம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். மண்ணைத் தொடாமல் இருப்பதுதான் வியாதி என்று எனக்கே புரிய மூன்றாவது மாதம் ஆனது.

வேறொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டுக்குத் தகரம் கிடையாது, கொங்கிறீட் சிலாப். லயத்து வரிசை வீட்டில் தகரத்தின் கீழ் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது பெரிய பெருமை. ஆனால் மார்கழி தை மாதங்களில் அந்தப் பெருமை அடிப்பக்கமாக வேர்க்கும். விடியற்காலையில் சரியாக நெற்றியில் சொட்டும். என் வீட்டுக்காரர் கம்பளிக்கு மேலே ஒரு பொலித்தீனைப் போட்டுக்கொண்டு படுப்பார். வெயில் அடிக்கிற நாளில் அதே சிலாப் தோசைக்கல்லாகக் காயும். கைபேசியில் இந்தியாவில் ஒரு அம்மா தன் வீட்டுக் கூரை முழுவதும் புல்லும் கீரையும் வளர்த்து, அதனால் கீழே சூடும் குளிரும் குறைந்துவிட்டது என்று சொல்லிக் காட்டினார். நாலு தரம் பார்த்தேன். ஐந்தாவது தரம் பார்க்கும்போது, இதென்ன பெரிய வித்தை, படுக்க வைத்த தவறணைதானே என்று தோன்றிவிட்டது.

ஒரே ஒரு சங்கடம். அந்தச் சிலாப்பை நாங்கள் கூரை என்று நினைத்துப் போடவில்லை. மகனுடைய வீட்டுக்குத் தரை என்று நினைத்துப் போட்டோம். எங்களுக்கு ஒரே பிள்ளை. கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. கல்யாணம் முடித்து என்றாவது திரும்பி வருவான், ஹட்டனில் சொந்தமாக ஒரு கடை போடுவான், மேலே அவனுக்கு இரண்டு அறை கட்டுவோம் என்று நாலு தூணிலும் கம்பிகளை இடுப்பு உயரத்துக்கு விட்டு வைத்திருந்தோம். தூணுக்கு நாலு, மொத்தம் பதினாறு கம்பி. மழையில் துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு காலிப் போத்தலைக் கவிழ்த்திருந்தார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஹட்டன் பஸாரில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்கும் வேலை. போயாவுக்குப் போயா, பௌர்ணமி நாளில், கடைக்கு லீவு. அன்று காலையில் குளித்துவிட்டு, கிரீஸ் தகரத்தோடு சிலாப்பில் ஏறி, பதினாறு கம்பிக்கும் பூசி, வெடித்த போத்தலை மாற்றிவிட்டு இறங்குவார். கோயிலுக்குப் போவதைக்கூட தவறவிட்டிருக்கிறார், இதைத் தவறவிட்டதில்லை.

"என்னமோ செய். கம்பியில மட்டும் கைய வைக்காத" என்றார் கடைசியில். அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

வீட்டைக் கட்டிய பாஸை வரச் சொன்னேன். மேசன் வேலை செய்பவரை நாங்கள் பாஸ் என்போம். இவர் கீழ்க் கிராமத்துச் சிங்களவர், பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசுவார். சிலாப்பில் குதிகாலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கே, நாலு அங்குலம். அதுக்கு மேல மண்ணு போட்டா நான் பொறுப்பில்ல" என்றார். ஏணியில் இறங்கும்போது, "வத்துர யன்ன ஓனே" என்றார். தேத்தண்ணி குடிக்கும்போது அதையே சொன்னார், வாசலில் செருப்பை மாட்டும்போது இன்னொரு தரமும் சொன்னார். தண்ணீர் போக வேண்டும். அவ்வளவு சிங்களம் எனக்குத் தெரியும். தெரியும் தெரியும் என்று தலையாட்டி அனுப்பினேன்.

வேலை இரண்டு வாரம் பிடித்தது. பாசியைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்தேன். தண்ணீர் கசியாமல் இருக்க வாளியில் விற்கிற சாமானை வாங்கி இரண்டு தரம் பூசினேன். அதன் மேல் கனத்த கறுப்புப் பொலித்தீன், இரண்டு மடிப்பாக, ஓரங்களைச் சுற்றுக்கட்டில் மேலேற்றி. அதற்கு மேலே உடைந்த செங்கல்லும் சல்லிக்கல்லும். அதற்கு மேலே கழுவிப் பிரித்த உரச் சாக்கு, மண் கீழே இறங்காமல் இருப்பதற்கு. பிறகுதான் மண். தனிச் செம்மண் போட்டால் மழையில் கனத்துவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மரத்தடியில் மக்கிய இலை, ஒரு பங்கு தேங்காய்த் தும்புத்தூள். கொழுந்துக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பக்கத்து வீட்டுப் பெண், "என்னாக்கா, மேல்மலையில கொழுந்து நல்லா இருக்கா?" என்று கிண்டல் செய்தாள். "ஒனக்குப் பேர் பதியவா, வாறியா?" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு குச்சியில் நாலு அங்குலத்துக்குக் கோடு போட்டு இடம் இடமாகக் குத்திப் பார்த்தேன். ஒரு மூலையில் நாலரை வந்தது. அந்த அரையை வழித்து எடுத்தேன். ஆழமாக வேர் போகிற எதையும் வைக்கவில்லை. படருகிற புல், வல்லாரை, பொன்னாங்காணி, ஓரமாகப் புதினா. கம்பிகள் நிற்கிற நாலு மூலையிலும் ஒரு முழம் இடைவெளி விட்டேன், என் வீட்டுக்காரர் உட்கார்ந்து கிரீஸ் பூசுவதற்கு.

இதற்குள் பஸாரில் செய்தி வேறுவிதமாகப் போய்விட்டது. நான் யாரோ ஒருத்தியிடம் சிலாப்பில் தவறணை போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். தவறணை என்றால் டவுனில் சாராயக் கடை, போயாவுக்கு மூடிக் கிடப்பது. என் வீட்டுக்காரரோடு கூட மூட்டை இறக்குகிறவர்கள் அவரிடம், "ஏண்ணே, வூட்டு மேல தவறணையாம்ல? போயாவுக்கும் தொறந்திருக்குமா?" என்று ஒரு வாரம் கேட்டிருக்கிறார்கள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, "இனிமே தோட்டம்னு சொல்லு" என்றார். அடப் போங்க, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் மழைத் தண்ணீரை நேராக இறங்க விடுவதில்லை. குறுக்கே வாய்க்கால்போல் கான் வெட்டி, கானுக்குள்ளே கொஞ்ச தூரத்துக்கு ஒரு மண் தடுப்பு விடுவார்கள். தண்ணீர் தடுப்பில் முட்டி நிற்கும், மண் அடியில் படியும், தெளிந்த தண்ணீர் மட்டும் வழிந்து அடுத்த குழிக்குப் போகும். மலையில் மண் ஓடுவதுதான் பெரிய குற்றம். அது எங்கள் எலும்பில் ஊறியது. சிலாப்பில் முதல் மழை பெய்தபோது, சுற்றுக்கட்டில் தண்ணீர் இறங்க விட்டிருந்த குழாய் வழியே செந்தண்ணீர் போவதைப் பார்த்தேன். கூடை கூடையாகத் தலையில் சுமந்த மண்! மறுநாளே சுற்றுக்கட்டை ஒட்டிக் கான் இழுத்து, மூன்றடிக்கு ஒரு தடுப்பாகக் களிமண் வைத்து அடித்து இறுக்கினேன். அடுத்த மழைக்குக் குழாயில் கண்ணாடிபோல் தண்ணீர் வந்தது, அதுவும் சொட்டுச் சொட்டாக. தவறணையில் என் வேலையைப் பார்த்து ஐயாமார் மெச்சியபோதுகூட அவ்வளவு சந்தோசம் எனக்கு இருந்ததில்லை. பாஸ் மூன்று தரம் சொன்னது காதோடு போய்விட்டது.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழை ஒரு தரம் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. புல் தளதளவென்று இருந்தது. அட்டையும் வந்து சேர்ந்தது. மேலே களை எடுத்துவிட்டு வந்தால் காலில் இரண்டு, மூன்று தொங்கும். ஒருநாள் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைக் கொலரில் ஒன்று ஏறியிருந்தது. அவர் அதை எடுத்து என் கண் முன்னே உப்பு டப்பாவில் போட்டார். உப்பை முழுவதும் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவினேன்.

பத்தாவது நாள் முன்னறைத் தூணில் சுண்ணாம்பு உப்பியது. பிறகு ஈரம் ஒரு கோடாக இறங்கியது. அந்தத் தூணில்தான் லைட் சுவிட்ச். அதைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. "ஒன் மண்ணு வூட்டத் தின்னுருச்சு, போ" என்றார் அவர். "மண்ணு திங்கல, தண்ணி திங்குது" என்றேன். "எல்லாத்துக்கும் ஒரு வாய் வச்சிருக்கா" என்று முணுமுணுத்தார். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மெழுகுதிரியில் சமைத்தேன்.

பாஸ் மழையிலேயே வந்தார். ஏறியதும் என் கானைப் பார்த்தார். தடுப்புக்குத் தடுப்பு தண்ணீர் தேங்கி நின்றது. தலையில் கையை வைத்துக்கொண்டு, "அக்கே, இது தேயிலை மலையா? வீடு அக்கே, வீடு!" என்றார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் முன்னாலேயே தடுப்புகளைக் காலால் உடைத்தேன். தண்ணீர் குழாயில் சளசளவென்று ஓடியது.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. தூண் பக்கம் குந்தி, ஒரு போத்தலைக் கழற்றி, கம்பியின் அடியை ஆணியால் குத்தினார். கொங்கிறீட் பொருக்காக உதிர்ந்தது. தண்ணீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே தூணுக்குள் இறங்குகிறது என்றார். மேலே எவ்வளவு கிரீஸ் பூசினாலும் அடியில் துருப்பிடித்து, வீங்கி, தூணை வெடிக்க வைத்துவிடுமாம். என் தேக்கம் அதை ஒரு மாதத்தில் காட்டிக் கொடுத்துவிட்டது. இல்லாவிட்டால் சில வருடம் கழித்துத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

"மாடி கட்டுறதுன்னா இந்த வெயிலுக்குக் கட்டுங்க. இல்லன்னா கம்பிய அடியோட வெட்டி, சீமெந்து வச்சு மூடணும். சும்மா வுட்டா தூண் போகும். தூண் போனா வீடு போகும்" என்றார். என் வீட்டுக்காரர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. "மகன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கேட்பார் கேட்பார் என்று பார்த்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மகன் வழக்கம்போல் போன் எடுத்தான். அவரிடம் கொடுத்தேன். மழையைப் பற்றிப் பேசினார், விலைவாசியைப் பற்றிப் பேசினார், வைத்துவிட்டார். மூன்றாவது வாரம் அவர் குளிக்கப் போயிருந்த நேரம் நானே மகனுக்குப் போன் எடுத்தேன். சுவரில் ஈரம், தூணில் வெடிப்பு, கம்பியில் துரு என்று நான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கும்போதே அவன் சொன்னான்: "வெட்டிருங்கம்மா. நாங்க எங்க அங்க வந்து இருக்கப்போறோம்? அப்பாகிட்டதான் எப்பவோ சொல்லிட்டேனே."

"எப்ப சொன்ன?"

"ரெண்டு வருசம் இருக்கும். தீவாளிக்கு வந்தப்ப. ஒங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு. மறந்துட்டேன்" என்று சொல்லி வைத்தேன். மகன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரை நினைத்தால்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வரமாட்டேன் என்று அவன் சொன்ன பிறகும் இரண்டு வருடமாக இந்த மனுசன் போயாவுக்குப் போயா ஏறிக் கிரீஸ் பூசியிருக்கிறார்!

அடுத்த போயா அன்று காலையில் குளித்துவிட்டுக் கிரீஸ் தகரத்தைக் கையில் எடுத்தார்.

"அத வையுங்க" என்றேன். "அவன் ஒங்ககிட்ட சொல்லிட்டானாம்ல."

தகரத்தைக் கீழே வைத்துவிட்டு ஏணியின் முதல் படியில் உட்கார்ந்தார். "நீ நம்பிக்கிட்டு இருந்த. அத எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

"நானா? நம்பிக்கிட்டு இருந்திருந்தா அதுல ஒரு பிடி மண்ணப் போட்டிருப்பேனா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மகனுக்குக் கல்யாணம் முடிந்த புதிதில், கொழும்பில் அவன் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்கு ஒரு தடவை போயிருந்தோம். புதிதாக ஒரு அலுமாரி வாங்கியிருந்தார்கள், சுவர் முழுவதற்கும். மருமகள் ஆசையாகத் திறந்து காட்டினாள். அந்த அலுமாரி எங்கள் படிக்கட்டில் ஏறாது. இவர்கள் இங்கே வரப்போவதில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப என்னைய ஏன் மாசா மாசம் ஏற வுட்ட?"

"நீங்க நம்பிக்கிட்டு இருக்கீங்கன்னுதான்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பைத்தியக்காரர்கள்போல் ஏணியடியில் நின்று சிரித்தோம். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் துடைத்தார், கொஞ்சம் அதிகமாகவே துடைத்தார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பிகளை வெட்டினோம். பாஸ் மெசின் கொண்டு வருகிறேன் என்றார். இவர் வேண்டாம் என்றுவிட்டார். கம்பி அறுக்கிற கைவாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அவரே அறுத்தார். மூன்று வாள் தகடு முறிந்தது. நான் பின்னாலேயே போய், துருவைச் சுரண்டி, பாஸ் சொன்ன கலவையில் சீமெந்து வைத்து மூடினேன். பிறகு மூலைகளில் விட்டிருந்த ஒரு முழ இடைவெளியிலும் பொலித்தீன் விரித்து, கல் பரப்பி, மண் போட்டேன். இப்போது சிலாப் முழுவதும் ஒரே பச்சை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு தரம் குழாய் வாயில் அடைத்த இலையைக் கையை விட்டு எடுக்க வேண்டும். கானில் தடுப்பு கிடையாது. போகிற மண் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கப் பழகிவிட்டேன். பறவைகள் கொண்டு வந்து போடும் விதையில் மரம் முளைத்தால் இரண்டு இலையிலேயே பிடுங்கிவிட வேண்டும். ஒரு தடவை ஆலங்கன்று ஒன்றைப் பிடுங்கினேன், சுண்டுவிரல் நீளச் செடிக்கு ஒரு முழம் வேர். புல்லை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அரிவாளால் அறுத்து, பால் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்கிறேன். மாசி மாத வெயில் காயும்போது மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சிலாப் இப்போது வேர்ப்பதில்லை. என் வீட்டுக்காரர் பொலித்தீனை விட்டுவிட்டார். போயா நாளில் அவரும் மேலே ஏறுகிறார். களை எடுக்கிறேன் என்று புதினாவைப் பிடுங்குகிறார். ஏசினால் இறங்கிவிடுவார்.

பொங்கலுக்கு மகனும் மருமகளும் வந்தார்கள். வந்ததும் மருமகள் மேலே ஏறி, "ஐயோ அத்தே, என்னா அழகு!" என்று போட்டோ மேல் போட்டோவாக எடுத்தாள். அவள் இறங்கிய பிறகு மகன் ஏறினான். நாங்களும் பின்னால் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தான். தூரத்தில் ரயில் போவதைப் பார்த்தான். குனிந்து வல்லாரையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். பிறகு மூலையைப் பார்த்து நின்றான். அடுத்த மூலைக்குப் போனான். நாலு மூலைக்கும் போனான். புல்லை விலக்கி, காலால் எதையோ தேடினான்.

"கம்பி எங்கப்பா?"

"வெட்டியாச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாத்தையுமா?"

"தூண் வெடிச்சிருச்சுல்ல. நீதானப்பா வெட்டச் சொன்ன."

அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. கீழேயிருந்து மருமகள், பொங்கல் ஆறுகிறது என்று கூப்பிட்டாள். இரண்டாவது தரமும் கூப்பிட்டாள். முப்பத்து நாலு வயது, காதோரத்தில் நரை விழுந்த பிள்ளை, குரல் உடைந்து கேட்டான்:

"நான் சொன்னா வெட்டிருவீங்களா?"